தாய்க்குப் பத்தியம்

கண்ணாடியம்மா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடிக் கடையின் பின்பக்கம், கையை நீட்டினால் இரண்டு சுவரையும் தொட்டுவிடக்கூடிய இருட்டறையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதிக் கொடுப்பவள். "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவள்.

அவளுக்கு ஒரு விஷயத்தில் கொஞ்சம் கர்வம் உண்டு. கண்ணாடி போடப் பிடிக்காத பிள்ளைகள், முன்னால் போன பிள்ளை படிப்பதைக் கேட்டு எழுத்து அட்டையை மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பிப்பார்கள். கண்ணாடி போட ஆசைப்படும் பிள்ளைகளோ, முதல் வரியில் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும் எழுத்தே தெரியவில்லை என்று கண்ணைச் சுருக்குவார்கள். இரண்டு வகையையும் அவள் நொடியில் பிடித்துவிடுவாள். பிடித்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். 'பெத்த உனக்கே தெரியலையேம்மா' என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம்.

அந்தச் சிரிப்பு இப்போது அவளிடம் இல்லை. பறிமுதல் ஆகிவிட்டது.

பறிமுதல் செய்தது அவள் மகள். வயது பத்து. பிறந்தபோது உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போல இருந்தாள் என்று அப்பா வைத்த பெயர் கடுகு. பள்ளிக்கூடத்தில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பார்கள். இந்தக் கடுகின் காரம் முழுக்க உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டதுதான் சிக்கல்.

ஆரம்பம் ஒரு சாதாரணக் கேள்வி. வகுப்பில் யாருடைய காலையோ மிதித்துவிட்டு வந்த அன்று கேட்டாள்.

"அம்மா, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லவே இல்லடா."

கேட்டவளுக்கு முகம் மலர்ந்தது. சொன்னவளுக்கு வயிறு குளிர்ந்தது. மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாள் காலையிலும் மாலையிலும் கேட்டாள். பிறகு காலை மாலை என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. மாடிப்படியில் எதிரே வந்தவருக்கு வழிவிடாமல் வந்துவிட்டேனா, டீச்சரைப் பார்த்துச் சரியாகச் சிரிக்கவில்லையா, மனசுக்குள் யாரையாவது திட்டிவிட்டேனா. எல்லாவற்றுக்கும் அம்மா நேராக முகத்தைப் பார்த்து "இல்லவே இல்ல" என்று சொல்ல வேண்டும். அந்த 'வே'யில் ஓர் அழுத்தம் விழ வேண்டும். நடுவில் கொட்டாவி வந்தால் செல்லாது. குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் குறுக்கே வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

இதைப் பார்த்து ஒரு தாய் என்ன செய்திருக்க வேண்டும்? கவலைப்பட்டிருக்க வேண்டும். கண்ணாடியம்மா பெருமைப்பட்டாள். "என் பொண்ணுக்கு எவ்வளவு மனசாட்சி பாருங்க" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். நாத்தனாரிடமும் சொன்னாள்.

"அண்ணி, இது மனசாட்சி மாதிரி தெரியல. யாரையாவது போய்ப் பாருங்க" என்றாள் நாத்தனார்.

நாத்தனார் சொன்ன காரணத்தாலேயே அது சரியாக இருக்க வாய்ப்பில்லை என்று கண்ணாடியம்மா முடிவு செய்தாள்.

ஆனால் கடுகு பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து கடைக்குப் போன் செய்யத் தொடங்கியபோது முடிவு ஆட்டம் கண்டது. ஒரு நாள் இருட்டறையில் ஒரு பெரியவர் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டிக்கொண்டு எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கண்ணாடியம்மா காதுக்கும் தோளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு லென்ஸை மாற்றினாள்.

"இல்லவே இல்ல" என்றாள்.

"தெளிவாத்தானேம்மா இருக்கு?" என்றார் பெரியவர்.

"இல்லவே இல்ல. நீ ஒண்ணும் பண்ணல."

"நான்தான் ஒண்ணும் பண்ணலையே! நீங்கதான் கண்ணாடிய மாத்திக்கிட்டே இருக்கீங்க!"

பெரியவர் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். முதலாளி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். மீசையை நீவினார். கரிக்கட்டை போலக் கறுத்த மீசை. தலைமயிர் வேறு நிறம், மீசை வேறு நிறம். முதலாளிக்குக் கோபம் வந்தால் மீசையை நீவுவார். சந்தோஷம் வந்தாலும் நீவுவார். எது எதுவென்று கடையில் யாருக்கும் தெரியாது.

சரி, யாரையாவது பார்க்கலாம் என்று அன்று மாலை தீர்மானமாயிற்று. பள்ளியிலேயே மனநல ஆலோசகர் ஒருவர் இருந்தார், நூலகத்துக்குப் பக்கத்து அறையில். தேதி கொடுத்தார்கள்.

கடுகுக்கு அன்றிலிருந்தே புதுக் கேள்விகள். "அந்த மிஸ் என்ன கேப்பாங்க? நான் என்ன சொல்லணும்? தப்பாச் சொல்லிட்டா?"

பிள்ளை பயந்து கேட்டால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? தூக்கம் வருதான்னு கேட்டா, வருதுன்னு சொல்லு. ஃபிரெண்ட்ஸ் இருக்காங்களான்னு கேட்டா, இருக்காங்கன்னு சொல்லு, சிரிச்சுக்கிட்டே சொல்லு. பயமா இருக்குமான்னு கேட்டா, எப்பவாவது, பரீட்சைக்கு முன்னாடின்னு சொல்லு. எல்லாருக்கும் இருக்கிற பயம்தான் அது, தப்பில்ல. கண்ணாடியம்மா ஒரு முழுக் கேள்வித்தாளையே தயாரித்து விடையும் சொல்லிக் கொடுத்தாள். கடுகு கெட்டிக்காரி. ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள்.

ஆலோசகர் அம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். "ரொம்பத் தெளிவா இருக்கா உங்க பொண்ணு. லேசான படபடப்பு, அவ்வளவுதான். மூச்சுப் பயிற்சி சொல்லிக் குடுத்திருக்கேன். இந்தப் புத்தகத்துல கலர் அடிக்கச் சொல்லுங்க."

கண்ணாடியம்மாவுக்குப் பிள்ளை முதல் வகுப்பில் தேறிவிட்ட சந்தோஷம். வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். பாதி ஐஸ்கிரீமில் கடுகு நின்றாள்.

"அம்மா, நான் அந்த மிஸ்கிட்ட பொய் சொன்னேனா?"

"இல்லவே இல்ல."

"நீ சொல்லிக் குடுத்ததத்தானே சொன்னேன்?"

"ஆமா."

"அப்ப நீ பொய் சொன்னியா?"

ஐஸ்கிரீம் உருகி முழங்கைவரை வழிந்தது. அதற்கு விடை அந்தக் கேள்வித்தாளில் இல்லை.

அதன்பின் நடந்தது எல்லாம் வீழ்ச்சிதான். கலர் அடிக்கும் புத்தகத்தில் கோட்டைத் தாண்டி நிறம் போனால் குற்றம். அழித்து அழித்துத் தாள் கிழிந்தது, ரப்பர் பிடித்த விரல் தோலுரிந்தது. மூச்சுப் பயிற்சியில், "அம்மா, நான் மூச்சத் தப்பா விட்டேனா?" என்று வந்தது. உலகத்தில் மூச்சு விடுவதற்கும் மன்னிப்புக் கேட்ட முதல் குழந்தையைப் பெற்றவள் தான்தான் என்று கண்ணாடியம்மா நினைத்துக்கொண்டாள்.

பிறகு பள்ளிக்கூடம் நின்றது. காலையில் செருப்பு அலமாரியின் மேல் கடுகு ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸுடன் உட்கார்ந்திருப்பாள். அடுத்த ஷூவைப் போட்டால் போக வேண்டிவரும். போனால் யாரையாவது ஏதாவது செய்துவிடுவாள். செய்துவிட்டால் சொல்ல அம்மா அங்கே இருக்க மாட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மகள் முன்னால் குந்துவார். "என்னடா கடுகு, கதவு பாதியில மாட்டிக்கிச்சா?" கடுகு சிரிப்பாள். ஷூ மட்டும் ஏறாது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார் அப்பா. "அங்க குழந்தைங்களுக்குன்னு தனியா இருக்கு. கீழ்த்தளத்துல ஆலோசனை, ரெண்டாவது மாடியில பகல்ல வந்துட்டுப் போறவங்களுக்கு, அஞ்சாவது மாடியில படுக்கை. அந்த லிஃப்ட் நாங்கதான் பாத்துக்கறோம்." சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். "எந்த மாடிக்குப் போகணும்னு அவங்க சொல்லட்டும்."

கண்ணாடியம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. சூடு கண்ட பூனை அவள். அவர்கள் சொல்லட்டும் என்று விட்டதால்தானே கலர்ப் புத்தகம் வந்தது? (அவர்கள் சொல்லும்படி தான் சொல்லிக் கொடுத்ததை அவள் அதற்குள் வசதியாக மறந்திருந்தாள்.) இந்த முறை ஏமாறக் கூடாது. குழந்தையின் கஷ்டம் டாக்டருக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த லேடி டாக்டருக்கு நல்ல சளி. கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே கேட்டார். "சாப்பிடறாளா?"

காலையில் மட்டும் தட்டைத் தள்ளிவிடுவாள். மற்ற வேளைகளில் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். "எங்க டாக்டர் சாப்பிடறா!" என்றாள் கண்ணாடியம்மா.

"தூக்கம்?"

தலை சாய்த்தால் விடியும்வரை அசைய மாட்டாள். "தூக்கமா?" என்று கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள். பொய் சொல்லவில்லை, பெருமூச்சுதான் விட்டாள் என்று பிற்பாடு தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். எடுபடவில்லை.

"தன்னைக் காயப்படுத்திக்கறாளா?"

"விரலெல்லாம் தோலுரிஞ்சு கெடக்கு டாக்டர்."

ரப்பர் என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றுகொண்டது.

டாக்டர் கடுகைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். திரும்ப அம்மாவை அழைத்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "ரெண்டு வாரம் படுக்கையில வச்சுப் பாக்கறது நல்லது. திங்கட்கிழமை ஒரு பெட் காலியாகுது. இந்த வார்டுல பெத்தவங்க கூடத் தங்க முடியாது. சாயங்காலம் வந்து பாக்கலாம்."

கண்ணாடியம்மாவுக்கு ஒரு பக்கம் பயம். இன்னொரு பக்கம், சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு திருப்தி. யாரும் நம்பாத கஷ்டத்தைக் கடைசியில் ஒருவர் நம்பிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அஞ்சாவது மாடியில பெட் கிடைச்சிடுச்சு."

"சொல்ற தோரணையப் பாத்தா மெடிக்கல் காலேஜ்ல சீட் கிடைச்ச மாதிரி இருக்கு. ஸ்வீட் குடுக்கப் போறீங்களா அண்ணி?"

கண்ணாடியம்மா போனை வைத்துவிட்டாள். நாத்தனார்களுக்கு நாக்கில் நரம்பு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பை கட்டினார்கள். கடுகு தன் துணிகளைத் தானே மடித்து அடுக்கினாள். அழவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை.

"அங்க யாரும்மா 'இல்லவே இல்ல' சொல்வாங்க?"

"நர்ஸ் அக்கா இருப்பாங்கடா."

"அவங்களுக்கு அந்த 'வே' சரியா வருமா?"

கண்ணாடியம்மா பையின் ஜிப்பை இழுத்தாள். அது மாட்டிக்கொண்டது.

"அம்மா, நான் சாப்பிடறேன்ல?"

"ஆமா."

"தூங்கறேன்ல?"

"ஆமாடா."

"அப்ப டாக்டர்கிட்ட ஏன் இல்லன்னு சொன்ன?"

"உனக்கு யாரு சொன்னா?"

"அவங்கதான் என்னைக் கேட்டாங்க. அம்மா இப்படிச் சொல்றாங்களே, சரியான்னு. நான் சரின்னு சொல்லிட்டேன்." கடுகு ஒரு சட்டையின் கையை நீவி நீவி மடித்தாள். "நீ சொன்னத இல்லன்னு சொன்னா அது தப்புல்ல?"

கண்ணாடியம்மா அப்படியே பையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"மொதல்ல அந்த மிஸ்கிட்ட கடைசி வரி வரைக்கும் ஒப்பிக்க வச்ச" என்றாள் கடுகு. கோபமாகச் சொல்லவில்லை, கணக்கில் ஒரு சந்தேகம் கேட்பதுபோலச் சொன்னாள். "இப்ப மொத எழுத்தே தெரியலன்னுட்ட. நீ கடையில பிடிப்பியே, அந்தப் பசங்க மாதிரி."

பிடிபட்ட பிள்ளைகளின் கதைகளை ராத்திரிச் சோற்றோடு சேர்த்து மகளுக்கு ஊட்டியவள் அவள்தான். ஊட்டியது வீண்போகவில்லை. கண்ணாடியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அது அழுகையாக மாற அதிக நேரம் ஆகவில்லை. கடுகு பதறிப்போய், "அம்மா, நான் தப்பா ஏதாவது..." என்று தொடங்கினாள். அம்மா வழக்கம்போல அந்த 'வே'யைப் போட்டுச் சொன்னாள். வேறு வழி அப்போது அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பையோடுதான் போனார்கள். உண்மையைச் சொன்னால் டாக்டர் விரட்டிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. விரட்டிவிட்டால் மறுபடியும் கலர்ப் புத்தகம். சொல்லாவிட்டால் ஐந்தாவது மாடி. ஐந்தாவது மாடித் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் இவர்கள் உட்கார்ந்திருக்க, எதிர் பெஞ்சில் ஒரு தகப்பனும், அவர் தோளில் சாய்ந்தபடி ஒரு பெரிய பெண்ணும் இருந்தார்கள். அந்தப் பெண் கண்ணைத் திறக்கவே இல்லை. தகப்பன் அவள் கையை விடவே இல்லை. பிடி தளர்ந்தால் ஏதோ ஆகிவிடும் என்பதுபோலப் பிடித்திருந்தார். நர்ஸ் வந்து அவரிடம் குனிந்து, "இன்னைக்குப் பெட் இல்லைங்க. இருந்த ஒண்ணும் குடுத்தாச்சு" என்றாள்.

கண்ணாடியம்மா எழுந்து, கூப்பிடுவதற்கு முன்பே, டாக்டர் அறைக்கதவைத் தள்ளினாள்.

"டாக்டர், நான் கொஞ்சம் பவர் ஏத்திச் சொல்லிட்டேன்."

டாக்டர் கைக்குட்டையை இறக்கினார். "என்னது?"

எல்லாவற்றையும் கொட்டினாள். ரப்பர், பெருமூச்சு, கேள்வித்தாள், ஐஸ்கிரீம் உட்பட. ஐஸ்கிரீமைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஆரம்பித்த பின் நிறுத்தத் தெரியவில்லை. டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் சுகமாகவே இருந்திருக்கும். டாக்டர் ஒரு தும்மல் போட்டார்.

"கொறச்சுச் சொல்ற அம்மாங்களப் பாத்திருக்கேன், ஏத்திச் சொல்ற அம்மாங்களையும் பாத்திருக்கேன். ஒரே குழந்தைக்கு ரெண்டையும் பண்ண அம்மாவ இப்பத்தான் பாக்கறேன்" என்றார். "அன்னைக்கு நானும் அவகிட்ட நேரா அவ வார்த்தையில கேட்டிருக்கணும். உங்க வார்த்தையச் சொல்லி சரியான்னு கேட்டது என் தப்பு. வெளிய இருங்க."

இந்த முறை நெடுநேரம் கடுகோடு பேசினார். பிறகு அப்பாவையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இவளுக்கு எதையோ தப்புப் பண்ணிட்டோமோன்னு ஒரு சந்தேகம் வருது. அது தானா அடங்க விடாம உடனே கேட்டு அடக்கிக்கறா. கேட்டு அடக்க அடக்க, சந்தேகத்துக்குப் பசி கூடுது. இது ஒரு நோய். நல்லாத் தெரிஞ்ச நோய், வைத்தியமும் இருக்கு. வீட்ல இருந்தா உயிருக்கு ஆபத்துங்கற பிள்ளைங்களுக்குத்தான் இந்த மாடி. கீழ வாரம் ஒரு தடவை பேசிட்டுப் போறது இவளுக்குப் பத்தாது, ஏன்னா பள்ளிக்கூடமே நின்னுபோச்சு. ரெண்டாவது மாடி. மத்தியானம் வரணும், சாயங்காலம் வீட்டுக்கு. வேணும்னா மருந்து அப்புறம் பாக்கலாம். நீங்க கண் டெஸ்ட் பண்றவங்கதானே? தேவைக்கு மேல பவர் போட்டா என்னாகும்?"

"தலைவலிங்க" என்றாள் கண்ணாடியம்மா, வாத்தியார் முன் நிற்கும் மாணவிபோல.

வெளியே வந்தபோது எதிர் பெஞ்சில் யாரும் இல்லை. வார்டுக்குள்ளிருந்து நர்ஸ் அந்தத் தகப்பனிடம் பெட் எண்ணைச் சொல்லும் குரல் கேட்டது. கண்ணாடியம்மா பையைத் தூக்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்தாள். லிஃப்டில் அப்பா இரண்டாம் எண்ணை ஒரே ஒரு முறை அழுத்தினார்.

"இன்னொரு தடவ அமுக்குங்களேன்" என்றாள் அவள்.

"எத்தன தடவ அமுக்கினாலும் அது போற நேரத்துக்குத்தான் போகும்" என்றார் அவர். "ஊர்ல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

இரண்டாவது மாடியில் ஒரு உளவியலாளர் இருந்தாள். சின்ன வயசு, பெரிய தண்ணீர்ப் பாட்டிலை எப்போதும் இடுப்பில் குழந்தைபோல வைத்திருப்பாள். கடுகு அவளுக்கு வைத்த பெயர் பாட்டில் அக்கா. முதல் நாளே அவள் கடுகிடம் பேசியதைவிட அம்மாவிடம் பேசியதுதான் அதிகம்.

"'இல்லவே இல்ல'ன்னு இனிமே சொல்லாதீங்கம்மா."

"பின்ன என்ன சொல்லட்டும்?"

"'அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போறதில்லடா'ன்னு சொல்லுங்க. அன்பாச் சொல்லுங்க. அப்புறம் அவளும் நீங்களும் சும்மா இருக்கணும். வயித்தக் கலக்கும். கலக்கட்டும். ஏறும், நிக்கும், இறங்கும்."

"அவளுக்குத்தானே வைத்தியம்?"

"கைக்குழந்தைக்கு உடம்புக்கு வந்தா யாரும்மா பத்தியம் இருப்பாங்க?"



அப்பாவுக்கு அந்தப் பத்தியம் லேசாக வந்தது. அவர் சாதாரணமாகவே பேச மாட்டார். கண்ணாடியம்மாதான் தடுமாறினாள். சர்க்கரை வியாதிக்காரர் சமையலறைக்குள் நழுவுவதுபோல நழுவினாள். வாயால் சொல்லாமல் தலையை ஆட்டினாள். தலையை ஆட்டக் கூடாது என்றதும் கண்ணை மூடித் திறந்தாள். ஒரு நாள் தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல, "நல்ல பிள்ளைங்க எங்க தப்புப் பண்ணப் போகுது" என்று பாடியேவிட்டாள். மறுநாள் கடுகு பாட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் புட்டுப்புட்டு வைத்தாள்.

"நேத்து அம்மா பாட்டாவே பாடிட்டாங்க அக்கா."

"பாட்டா?" பாட்டில் அக்கா தண்ணீரைக் குடித்துப் புரையேறி இருமினாள். "அம்மா, உங்களுக்கும் ஒரு பெட் பாக்கலாமா?"

ஆனாலும் ஏதோ நகர்ந்தது. கடுகுக்குப் படிப்படியாகச் செய்ய வேலைகள் தந்தார்கள். வேண்டுமென்றே கோட்டைத் தாண்டிக் கலர் அடிப்பது. ஒரு பிழையை அழிக்காமல் விட்டுவிடுவது. பேருந்தில் டிரைவருக்கு வழக்கமாகச் சொல்லும் நன்றியைச் சொல்லாமல் இறங்குவது. ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, கேட்காமல், அந்தக் கலக்கம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். சில நாள் இறங்கியது. சில நாள் அழுது, கேட்டுவிட்டாள். பதில் வராததால் இன்னும் அழுதாள். கண்ணாடியம்மா குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தானும் அழுதாள். ஒரு நாள் இரண்டாவது ஷூவும் காலில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் முதல் இரண்டு பாடவேளை மட்டும் போய்வந்தாள்.

அடுத்த படி பெரிய படி. "ஒரு பெரியவங்ககிட்ட, கொஞ்சம் மரியாதை இல்லாத மாதிரி ஒண்ணு சொல்லணும். மன்னிப்புக் கேக்கக் கூடாது. அவங்க மனசு நொந்துச்சா இல்லையான்னு தெரியாமலே இருக்கணும். யார்கிட்ட சொல்றேன்னு நீயே சொல்லு" என்றாள் பாட்டில் அக்கா.

கடுகு யோசித்தாள். "அம்மாவோட முதலாளிகிட்ட."

"ஏன்டா அவர்கிட்ட?" என்று கண்ணாடியம்மா அலறினாள்.

"அவர் மீசையப் பத்தி நீ தினமும் வீட்ல சொல்றத நான் ஒரு தடவ அவர்கிட்டயே சொல்றேன்."

பாட்டில் அக்கா கண்ணாடியம்மாவைப் பார்த்தாள். கண்ணாடியம்மா ஜன்னலைப் பார்த்தாள். முதலாளியிடம் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லிவைக்கலாமா என்று மெல்லக் கேட்டாள்.

"சொன்னா அவர் சிரிச்சுடுவார். சிரிச்சுட்டா அவளுக்குப் பதில் கிடைச்சிடும்" என்றாள் பாட்டில் அக்கா. "வேலைக்கு ஏதாவது ஆயிடும்னு நெனச்சா வேற ஆளப் பாக்கலாம். அது உங்க முடிவு."

வேற ஆளைப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கடுகின் முகத்தைப் பார்த்தாள். தானே ஒருவரைத் தேர்ந்தெடுத்த முகம் அது. அந்தப் பிள்ளை தானாக எதையாவது தேர்ந்தெடுத்து எவ்வளவு நாளாயிற்று? "சரி" என்றாள். சொன்ன மறுகணமே வருந்தினாள்.

சனிக்கிழமை மாலை, கடையில் கூட்டம் கொஞ்சம் தணிந்திருந்தது. அப்பா கடுகைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் நின்றுகொண்டார். முதலாளி கல்லாவில் இருந்தார். கண்ணாடியம்மா இருட்டறைத் திரையைப் பிடித்தபடி நின்றாள்.

"வாம்மா, ஸ்கூலெல்லாம் போறியா?" என்றார் முதலாளி.

கடுகு அவர் முன்னால் போய் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பின்னால் நின்ற அம்மாவுக்கு அந்த விரல்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்வது தெரிந்தது.

"மாமா, உங்க மீசை நல்லாவே இல்ல. ஒட்ட வச்ச மாதிரி இருக்கு."

கடையில் ஃபிரேம் தேடிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையை அப்படியே நிறுத்தினார். முதலாளி கடுகைப் பார்த்தார். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார். கண்ணாடிக் கடையாயிற்றே, எங்கே திரும்பினாலும் நிலைக்கண்ணாடி. எல்லாவற்றிலும் அவர் மீசை இருந்தது. அவர் மெல்ல அதை நீவினார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து சரக்கறைக்குப் போய்விட்டார்.

கடுகு இருட்டறைக்குள் ஓடி வந்தாள். கண்ணாடியம்மா திரையை இழுத்து மூடினாள். எழுத்து அட்டையின் பின்விளக்கு மட்டும் எரிந்தது. கடுகு அம்மாவைப் பார்த்தாள். அந்தக் கேள்வி அவள் தொண்டையில் மேலே ஏறுவது வெளிப்படையாகவே தெரிந்தது. கண்ணாடியம்மா பற்களைக் கடித்தாள். தலையை ஆட்டவில்லை. கண்ணை மூடித் திறக்கவில்லை. பாட்டும் பாடவில்லை. கடுகு நோயாளி நாற்காலியில் ஏறி, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்தாள். கேட்கவில்லை.

கேட்டது வேறொருத்தி. முதலாளி சரக்கறையில் என்ன செய்கிறார்? அழுகிறாரா? கணக்கைத் தீர்த்து அனுப்பப் போகிறாரா? கண்ணாடியம்மாவின் கை தானாகப் போனை எடுத்து, தானாக எண்ணை அழுத்தியது. மறுமுனையில் பாட்டில் அக்கா.

"அவ சொல்லிட்டா. அவர் எழுந்து போயிட்டார். ஒண்ணுமே சொல்லல. நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

தண்ணீர் விழுங்கும் சத்தம்.

"அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போறதில்லம்மா" என்றாள் பாட்டில் அக்கா, மிக அன்பாக. போன் வைக்கப்பட்டது.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடுகு சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று அந்த வெளிச்சத்தில் முதலில் தெரியவில்லை. சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"உனக்கும் வயித்தக் கலக்குதாம்மா?"

"ரொம்ப."

"எனக்கு இப்பக் கொஞ்சம் கம்மி." கடுகு நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். நாற்காலி ஒருவருக்கானது. கண்ணாடியம்மா பாதி உடம்பை அதில் ஒடுக்கிக்கொண்டாள்.

வெளியே சரக்கறைக் கதவு திறக்கும் ஓசை கேட்டது. காலடிகள் கல்லாவரை போயின. கல்லா நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு முதலாளியின் குரல், கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத அதே பழைய குரல்: "ஒருத்தர் ரொம்ப நேரமாக் காத்திட்டிருக்கார்."

கண்ணாடியம்மா அசையவில்லை. கடுகுதான் நாற்காலியிலிருந்து குதித்து, அம்மாவையும் கையைப் பிடித்து எழுப்பினாள். திரையை ஒரு பக்கமாக ஒதுக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"உள்ள வாங்க அங்கிள். அம்மா ரெடி."

அம்மா ரெடியாக இல்லை. ஆனால் அதற்குள் காத்திருந்தவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.